எங்கள் பாடத்தோடு வருகிறோம், அதை வைத்தே சொல்லித் தாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி ஒழுங்கு செய்கிற வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், கணினி வள நிலைய வளவாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். பத்தொன்பது வருடமாகிறது. வீடு கிழக்குப் பக்கமான எழுவான்கரையில். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரைக்கும் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். எங்கள் பாடசாலைக்கு, மல்டிமீடியா என்று நாங்கள் சொல்கிற புரொஜெக்டர் வந்து ஐந்து வருடம். பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஸ்மார்ட் போர்டே வந்துவிட்டது. இவற்றுக்காக ஓடித்திரிந்தவர்களுக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் இந்தக் கருவிகளை வைத்து ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று எங்களுக்குச் சொல்லித்தருகிற முறை சரியாக இல்லை. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன், ஸ்லைட் செய்கிற மென்பொருளான பவர்பொயின்ட் பற்றிய செயலமர்வு ஒன்றுக்குக் கடமை லீவில் போனேன். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. ஒரே நாள். அறுபது பேர் வந்திருந்தோம், வேலை செய்கிற கணினிகள் பதினான்கு. ஒரு கணினியைச் சுற்றி நாலைந்து பேர். மவுஸ் யார் கையில் இருந்ததோ அவர்தான் படித்தார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். வளவாளர் நல்ல மனிதர், தொண்டை வறள வறளச் சொல்லித்தந்தார். மேலே இருக்கும் பட்டியல்களை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்துகளைப் பறக்கவிடவும், ஸ்லைட் மாறும்போது கைதட்டுச் சத்தம் வரவைக்கவும் பழகினோம். கடைசியில் ஆளுக்கு ஐந்து ஸ்லைட்டில் 'என்னைப் பற்றி' செய்துகாட்டச் சொன்னார்கள். சான்றிதழ் தந்தார்கள், படம் எடுத்தோம், வீட்டுக்கு வந்தோம்.

என் பக்கத்தில் இருந்தவர் வெல்லாவெளிப் பக்கத்துக் கணித ஆசிரியை. காலையிலேயே அவர் ஒரு கேள்வியோடுதான் வந்திருந்தார்: பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் ஸ்லைட்டில் எப்படி எழுதுவது? 'இன்சர்ட்' பகுதியில் 'ஈக்குவேஷன்' என்று ஒன்று இருக்கிறது, அதைக் காட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் அன்றைய நிகழ்ச்சி நிரலில் அது இல்லை, பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. நாளைக்கு வகுப்பில் என்ன பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்று அந்த அறுபது பேரில் ஒருவரிடம்கூட அன்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரைக்கும் மனதில் நிற்பது அதுதான்.

சரி, சான்றிதழோடு வந்த நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். இரண்டு இரவு கண்விழித்து, மகனின் மடிக்கணினியில் இருபத்திரண்டு ஸ்லைட் செய்தேன். எல்லாம் பாமினி எழுத்துருவில். எங்கள் பக்கம் தவணைப் பரீட்சை வினாத்தாள்கூட இன்னும் பாமினியில்தானே அடிக்கிறோம், எனக்குத் தெரிந்த தட்டச்சு அதுதான். காலையில் பென்டிரைவைப் பாடசாலைக் கணினியில் போட்டேன். தரம் 10 பிள்ளைகள் முப்பத்துநான்கு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சுவரில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சதுர அடைப்புகளும் கலந்து ஒரு குவியல். அந்தக் கணினியில் பாமினி இல்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் உண்மையில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ (j, k, p, o) என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான், எழுத்துரு இருந்தால் மட்டும் அது தமிழாகத் தெரியும் என்ற உண்மை எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது நிமிடம் அதிலேயே போனது. மிச்ச இருபது நிமிடத்தை வெண்கட்டியோடு முடித்தேன். ஒன்றரை வருடம் மல்டிமீடியாவைத் தொடவில்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட்டில் தமிழ் 1991இலிருந்து இருக்கிறது. விண்டோஸ் 8இலிருந்து 'நிர்மலா யூஐ' என்ற எழுத்துரு கணினியோடேயே வருகிறது. யூனிகோட்டில் அடித்தால் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். இந்த ஒரு விசயத்தைச் செயலமர்வின் முதல் அரை மணித்தியாலத்தில் சொல்லியிருந்தால் அந்த ஒன்றரை வருடம் எனக்கு மிஞ்சியிருக்கும். தயவுசெய்து இனி வரும் பயிற்சிகளை இதிலிருந்து தொடங்குங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் வழியையும், வேறு எழுத்துருதான் வேண்டும் என்றால் சேமிக்கும்போதே அதைக் கோப்போடு பதித்துவிடும் வழியையும், ஒரு பிரதியை பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் அதே வீச்சில் சொல்லிவிடலாம்.

நான் உண்மையாகப் படித்தது அதற்குப் பிறகுதான். எங்கள் பாடசாலைக்குத் தகவல் தொழினுட்ப ஆசிரியராக ஒரு தம்பி மாற்றலாகி வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றரைக்குப் பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து சொல்லித்தந்தார். முதல் நாள் அவர் கணினியைத் திறக்கவேயில்லை. "அக்கா, அடுத்த கிழமை என்ன பாடம்?" என்று கேட்டார். சூறாவளி என்றேன். "அப்ப அதையே செய்வம்" என்றார். இப்படி ஆறு செவ்வாய்க்கிழமை.

அந்தச் சூறாவளி ஸ்லைட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியைப் பற்றி எங்கள் ஊரில் கேட்காத பிள்ளை இல்லை. என் அம்மம்மா அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் சொல்வார்: "முதல்ல வாடைப் பக்கத்தால அடிச்சிச்சு மகள். பிறகு எல்லாம் நிண்டு அமைதியாப் போயிற்று, முடிஞ்சுதெண்டு நினைச்சம். மறுகா காத்து கிறுகி மற்றப் பக்கத்தால அடிச்சிச்சு. அதிலதான் மிச்சத் தென்னையெல்லாம் விழுந்தது." அம்மம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அவர் சொன்னது சூறாவளியின் கண் தலைக்குமேலால் கடந்துபோனதை. புத்தகத்தில் இருக்கும் படத்தைக் காட்டி இதை எத்தனையோ வருடம் படிப்பித்திருக்கிறேன். இடஞ்சுழியாகச் சுற்றும் காற்று, நடுவில் அமைதியான கண் என்று பிள்ளைகள் பாடமாக்கி எழுதுவார்கள். ஏன் காற்று நின்று கிறுகி அடித்தது என்று கேட்டால் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தம்பியும் நானும் செய்தது இவ்வளவுதான். கிழக்குக் கரையின் வரைபடம் ஒன்றை ஸ்லைட்டில் போட்டோம். எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கடலில், வலப்பக்கத்தில், வட்டமாக அம்புக்குறிகள் வைத்து நடுவில் ஓட்டையோடு ஒரு சுழல். அதற்கு 'ஸ்பின்' கொடுத்ததும் சுழல் சுற்றத் தொடங்கியது, ஆனால் வலஞ்சுழியாக. பவர்பொயின்ட் இயல்பாக அப்படித்தான் சுற்றவைக்கும். தம்பிக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எனக்குப் பளிச்சென்று பட்டது, அப்படிச் சுற்றுவது தென்னரைக்கோளத்துச் சூறாவளி. 'எஃபெக்ட் ஒப்ஷன்ஸ்' என்ற இடத்தில் போய் எதிர்த்திசைக்கு மாற்றினோம். அடுத்தது, சுழல் சுற்றிக்கொண்டே கிழக்கிலிருந்து மேற்குக்கு நகரவேண்டும். நகரும் பாதையைத் தெரிவுசெய்ததும் முன்னே கொடுத்த சுற்றல் இல்லாமல் போய்விட்டது. இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு 'ஆட் அனிமேஷன்' என்ற பொத்தான் வழியாகத்தான் இரண்டாவதைக் கொடுக்கவேண்டும் என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. இரண்டும் ஒன்றாகத் தொடங்க 'வித் பிரீவியஸ்', மெதுவாகப் போக இருபது விநாடி.

வகுப்பில் அதை ஓடவிட்டேன். வாயால் ஒரு சொல் சொல்லவில்லை, சிவப்புப் புள்ளியை மட்டும் பாருங்கள் என்றேன். சுழல் கரைக்கு வர, புள்ளிக்குமேல் வந்த அம்பு வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் காட்டியது. பிறகு ஓட்டை வந்து புள்ளியை மூடியது. அது கடந்ததும் புள்ளிக்குமேல் அம்பு தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் திரும்பியிருந்தது. இரண்டாம் முறை ஓடவிட்டபோது பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், காத்து கிறுகிட்டு!" என்றாள். அம்மம்மாவின் அதே சொல். விசைப்பலகையில் பி (B) எழுத்தைத் தட்டித் திரையைக் கறுப்பாக்கினேன். அதன்பிறகு பாடவேளை முடியும் வரைக்கும் ஸ்லைட் தேவைப்படவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதைகளைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கதையிலும் காற்று எந்தப் பக்கத்தால் அடித்தது என்று பார்த்துக் கரும்பலகையில் குறித்துக்கொண்டே போனோம்.

முழுப் பாடத்துக்கும் நான் பாவித்தது மூன்று ஸ்லைட். செயலமர்வில் கற்ற அதே அசைவு வேலைதான் இதுவும். ஆனால் அங்கே எழுத்துகள் பறந்தன, இங்கே காற்று சுற்றியது. தம்பிக்குப் பொத்தான் தெரிந்திருந்தது, எனக்குப் பாடம் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்ததால்தான் அந்தச் சுழல் சரியான பக்கம் சுற்றியது. நான் உங்களிடம் கேட்பதும் இந்த ஏற்பாட்டைத்தான்.

இந்தப் பவர்பொயின்ட் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசித்தபோது எனக்கு ஒரு விசயம் விளங்கியது. 1987இல் ஃபோர்தோட் என்ற சிறிய நிறுவனம் மக்கின்டோஷ் கணினிக்காக இதை வெளியிட்டது. ராபர்ட் கஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்டின் என்ற இருவர் முன்னின்று செய்தார்கள். அதே வருடம் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை 14 மில்லியன் டொலருக்கு வாங்கியது. கம்பெனிக் கூட்டங்களில் காட்டுகிற ஒளித்தாள்களை இலகுவாகச் செய்துகொள்வதற்காகப் பிறந்த சாமான் இது. மேலே ஒரு தலைப்பு, கீழே புள்ளி போட்டு வரிகள் என்ற அமைப்பு அந்தக் கூட்டங்களுக்குப் பொருந்தியது. நாங்கள் புதிய கோப்பைத் திறந்ததும் வந்து நிற்பது அந்த அமைப்புத்தான். அதை நிரப்பத் தொடங்கினால் பாடப்புத்தகத்தின் பக்கம் அப்படியே திரைக்குப் போகிறது. பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் முதல் பயிற்சியிலேயே வெற்று ஸ்லைட்டில் தொடங்கச் சொல்லித்தாருங்கள். ஒரு படம், ஒரு வரைபடம், வேண்டுமென்றால் நாலைந்து சொல். மிச்சம் எங்கள் வாயில் இருக்கிறது.

எங்கள் வகுப்பறைகளையும் வளவாளர்கள் ஒரு தரம் வந்து பார்க்கவேண்டும். பயிற்சி நடப்பது திரைச்சீலையும் ஏசியும் உள்ள அறையில். நாங்கள் படிப்பிப்பது அரைச்சுவர் கட்டடத்தில், காலை பத்து மணிக்கு வெயில் நேராக உள்ளே விழும். கடும் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து அங்கே காணாமலே போய்விடும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து நிற்கிறது. அடுத்தது எழுத்தின் அளவு. எங்கள் சொற்கள் நீளமானவை, சுழிகள் நிறைந்தவை. 'வளிமண்டலவியல்' என்று சின்ன எழுத்தில், அதுவும் தடிப்பாகப் போட்டால் பின்வாங்குப் பிள்ளைக்குக் கறுப்புக் கோடுதான் தெரியும். எழுதிக்கொண்டே போனால் மென்பொருள் தானாகவே எழுத்தைச் சிறுப்பித்து இடம் கொடுக்கும், அது உதவி மாதிரித் தெரிந்தாலும் எங்களுக்கு உபத்திரவம். எழுத்தை 28க்குக் கீழே விடாதீர்கள், கடைசி மேசையில் போய் இருந்து வாசித்துப் பாருங்கள் என்று தம்பி சொன்னதை நான் இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன்.

அப்புறம், மென்பொருளின் விலை. பல பாடசாலைகளில் அனுமதிப்பத்திரம் முடிந்துபோன பவர்பொயின்ட் சிவப்பு எச்சரிக்கையோடு கிடக்கிறது, திருத்த விடாது. லிப்ரே ஒஃபிஸில் உள்ள இம்பிரெஸ் என்ற, ஸ்லைட் செய்கிற மென்பொருள் முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அதையும் பயிற்சியில் சேருங்கள்.

இனி, நான் கேட்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு நாளில் அறுபது பேர் என்பதை விட்டுவிடுங்கள். ஆசிரியர் மத்திய நிலையங்களிலும் கணினி வள நிலையங்களிலும் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கணினி, கிழமைக்கு ஒரு மாலை, ஆறு கிழமை. வருகிற ஒவ்வொருவரும் அடுத்த கிழமை எடுக்கப்போகிற பாடத்தைக் கையில் கொண்டுவரவேண்டும், அதை வைத்தே வேலை நடக்கட்டும். கணிதத்துக்கு ஒரு குழு, விஞ்ஞானத்துக்கு ஒரு குழு, மொழிக்கு ஒரு குழு என்று பாடவாரியாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. வெல்லாவெளி ஆசிரியைக்குத் தேவையானது வேறு, எனக்குத் தேவையானது வேறு. தமிழ் ஆசிரியருக்குச் செய்யுளை ஒவ்வோர் அடியாகத் திறந்து காட்டினால் போதும். செய்த பாடத்தை வகுப்பில் நடத்தி, எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று அடுத்த மாலையில் வந்து சொல்லவேண்டும். கணினி வசதி எழுவான்கரையிலேயே முடங்கிவிடக்கூடாது. மண்டூரிலும் கொக்கட்டிச்சோலையிலும் திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் இருப்பவர்களுக்குப் பாடசாலை விட்டபிறகு நகரத்துக்கு வந்து, இருட்டுவதற்குள் யானை நடமாடும் வழியால் வீடு திரும்புவது முடியாத காரியம். வளவாளர் ஒருவர் மடிக்கணினிகளோடு அங்கே போனால் அந்தப் பக்கத்துப் பத்துப் பாடசாலைக்கு அது போதும்.

உங்கள் மேற்பார்வைப் படிவங்களைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. இந்தத் தவணையில் எத்தனை பாடம் கணினி வழியாக எடுத்தீர்கள் என்று ஒரு கூடு இருக்கிறது. அதை நிரப்புவதற்காகவே தேவையில்லாத பாடத்துக்கும் ஸ்லைட் செய்கிற நிலைமை வருகிறது. வாவியைப் பற்றிப் படிப்பிக்க நான் பிள்ளைகளை வாவிக்கரைக்கே கூட்டிப்போகிறேன், பாடசாலைக் கேற்றிலிருந்து முந்நூறு யார். அதற்கு ஸ்லைட் எதற்கு? எண்ணிக்கையைக் கேட்காமல் ஒரு பாடவேளை வந்து பின்வாங்கில் இருந்து பாருங்கள், அதுவே எங்களுக்குப் பெரிய உதவி.

பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். இப்போது குழு வேலை என்றால் ஸ்லைட் செய்துகொண்டு வருகிறார்கள். இணையத்தில் இருந்து பந்தி பந்தியாக வெட்டி ஒட்டி, வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்து வாசிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, நாங்கள் செய்வதைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். போன தவணை தரம் 10க்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஸ்லைட்டில் நீங்களே எடுத்த படம் மட்டும், எழுத்து ஒன்றும் கூடாது. ஒரு மகன் தகப்பனோடு வாவிக்குப் போய் வீச்சு வலை எறிகிறதை அம்மாவின் கைத்தொலைபேசியில் ஐந்து படமாக எடுத்துக்கொண்டு வந்தான். வாசிக்க ஒன்றும் இல்லாததால் எங்களைப் பார்த்துப் பேசவேண்டியதாயிற்று. வலையை மடித்துக் கையில் எடுப்பது எப்படி, எந்த மாதத்தில் எந்த மீன் படும் என்று பதினைந்து நிமிடம் பேசினான். வாசிப்பில் பின்தங்கியவன் என்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த பிள்ளை அவன். ஆசிரியர் பயிற்சி திருந்தினால் அது இந்தப் பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் வேலை செய்கிற கணினிகள் ஒன்பது இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்குப் பிறகு அறை சும்மாதான் இருக்கும். அதிபர் சம்மதித்துவிட்டார், தம்பியும் நிற்பதாகச் சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்திலிருந்து ஒன்பது ஆசிரியர்களை ஆறு கிழமைக்கு விடுவித்து அனுப்பினால் முதல் குழுவை நாங்களே தொடங்குகிறோம். வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்: அடுத்த கிழமைப் பாடத்தைக் கொண்டுவரட்டும். மதியச் சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு புவியியல் ஆசிரியை